கடைசியில் வைத்த தெரு

தெருவில் எல்லோரும் அவரைக் குழிக்காரர் என்றுதான் சொல்வார்கள். குழி வெட்டுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். நகராட்சியில் சாலை ஆய்வாளர். ஊரில் எங்கே சாலை உடைந்திருக்கிறதோ அங்கே போய், குனிந்து, இரும்பு அளவுகோலைக் குழிக்குள் நிறுத்தி, இத்தனை சென்டிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு வருவது அவர் வேலை. எந்தக் குழியை முதலில் மூடுவது, எதை அடுத்து மூடுவது என்று தார் போடும் ஆட்களுக்கு வரிசை எழுதிக் கொடுப்பதும் அவர்தான். இருபத்திரண்டு வருஷமாகக் குனிந்து பழகியதில், நிமிர்ந்து நடக்கும்போதும் கண் தரையிலேயே இருக்கும். எதிரே வரும் சொந்தக்காரர்களைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடுவார். தலைக்கனம் என்று அவர்கள் பேசிக்கொள்வார்கள். தலைக்கனமெல்லாம் இல்லை, பாவம்.

அவர் மனைவிக்கு முட்டை வியாபாரம். மூன்று சக்கர சைக்கிளில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் இருபது அட்டை, அட்டைக்கு முப்பது முட்டை. விடிந்ததும் கிளம்பி ரொட்டிக் கடைகள், மளிகைக் கடைகள், இரண்டு உணவு விடுதிகள் என்று சுற்றிக் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடுவாள். ஒன்பது வருஷத்தில் வழியில் உடைந்த முட்டைகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம் என்று பெருமையாகச் சொல்வாள். முட்டையைக் கையில் வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கியே அது என்றைக்கு இட்டது என்று சொல்லிவிடுவாள்.

வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் திட்டு, விளக்கை அணைக்காமல் போனால் திட்டு, சொன்ன சாமானை வாங்க மறந்தால் அதற்குத் தனியாக ஒரு திட்டு. பத்தொன்பது வருஷமாகக் குழிக்காரர் இந்தத் திட்டுகளுக்கு நடுவில்தான் நிம்மதியாகக் குடித்தனம் நடத்தி வருகிறார். அவள் திட்டினால் அவருக்குப் பயமே இல்லை. அவளுக்கு இன்னொரு முகம் உண்டு, அதற்குத்தான் பயம். அவளுடைய அப்பா கடைசியாக நோயில் விழுந்தபோது, அவள் மனசு கஷ்டப்படுமே என்று அவளுடைய அண்ணன் விஷயத்தை மறைத்துவிட்டார். 'அப்பா நல்லா இருக்காரு' என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். வேறு யாரோ சொல்லி அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு அவள் கத்தவில்லை, அழுது புரளவில்லை. அண்ணனைப் பார்த்து 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னாள். பதினோரு வருஷம் ஆகிறது. அண்ணன் வீட்டுக்குப் போவாள், வருவாள், சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. விருந்தாளியிடம் நடந்துகொள்வதைப் போல அவ்வளவு மரியாதை. அண்ணன் ஒருநாள் குழிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவை என்னைத் திட்டச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்று அழுதே விட்டார்.

இது இப்படி இருக்க, ஒரு புதன்கிழமை காலை, குழிக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது தெருமுனையில் தடாலென்று ஒரு சத்தம் கேட்டது. பின்னாலேயே நாலைந்து பேர் கத்துகிற சத்தம். செருப்பு போடக்கூட நிற்காமல் ஓடினார். முந்தின நாள் மழையில் தெருமுனைக் குழி நிரம்பிக் கிடந்தது. தினமும் அதை ஒதுங்கித்தான் அவள் போவாள். அன்றைக்கு எதிரே தண்ணீர் லாரி வந்துவிட்டதால் ஒதுங்க வழியில்லை. முன்சக்கரம் குழிக்குள் இறங்கி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, இருபது அட்டையும் தெருவில் கவிழ்ந்திருந்தது. அவள் நடுத்தெருவில் உட்கார்ந்து வலது கையை மடியில் ஏந்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய் அவர் முதலில் என்ன செய்தார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மஞ்சள் கரு மிதக்கிற அந்தத் தண்ணீருக்குள் கையை விட்டு ஆழம் பார்த்தார். ஏழு, ஒன்பதாகியிருந்தது.

"என்னங்க, விழுந்தது நானு! நீங்க குழிக்கு வைத்தியம் பார்க்கறீங்க!" என்றாள் அவள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வலி பொறுக்காமல் கண்ணில் தண்ணீர் நிற்க, அவளும் சிரித்துவிட்டாள். "இவரை என்ன சொல்றது? கையும் கண்ணும் அப்படியே பழகிப்போச்சு."

ஏழு ஒன்பதாகிவிட்டது என்றால், முன்பு ஏழாக இருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அதுதான் விஷயம். நாற்பத்தோரு நாளைக்கு முன்னால் அவரே அளவுகோலை நிறுத்திப் பார்த்து, பதிவேட்டில் எழுதியிருந்தார். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போன குழியைப் பதினைந்து நாளுக்குள் மூட வேண்டும் என்பது நகராட்சி விதி. மற்ற எந்தத் தெருவாக இருந்தாலும் பத்தே நாளில் மூடியிருப்பார். இது சொந்தத் தெரு. அதனால் வரிசையில் கடைசியில் வைத்தார். மேலே புதுக் குழிகள் சேரச் சேர, கடைசி கடைசியாகவே நின்றுவிட்டது.

காரணம் ஒரு கடிதம். ஆறு வருஷத்துக்கு முன்னால் யாரோ பெயர் போடாமல் நகராட்சிக்கு எழுதியிருந்தார்கள்: 'ஆய்வாளர் வீட்டுத் தெரு கண்ணாடி மாதிரி இருக்கிறது, எங்கள் தெரு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது.' விசாரித்துவிட்டு ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் குழிக்காரருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, அவள்தான் சமாதானம் சொல்லிச் சாப்பிட வைத்தாள். அன்றிலிருந்து தன் தெரு என்றால் கடைசி என்று வைத்துக்கொண்டார். யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் மனசுக்குள் அதைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமை அன்று ஆஸ்பத்திரியில் காணாமல் போனது. மணிக்கட்டு எலும்பில் கீறல், நாலு வாரம் மாவுக்கட்டு என்றார்கள். கட்டுப் போடக் காத்திருக்கும்போது அவள் கேட்டாள்.

"ஏங்க, அந்தக் குழி உங்க புத்தகத்துல இருக்கா?"

நேரான கேள்வி. இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருடைய வாயில் வந்தது வேறு. "தெரியல. பார்க்கணும்."

"உங்களுக்கு எங்க நேரம்? ஊர்க் குழி மொத்தமும் உங்க தலையில. நம்ம தெருப் பக்கம் எட்டிப் பார்க்க விடுவாங்களா அவங்க?" என்று அவளே அவருக்காகச் சமாதானம் சொன்னாள். அவள் நன்றாக நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதற்கப்புறம் குழிக்காரர் வீட்டில் செய்யாத வேலை இல்லை. விடியற்காலையில் எழுந்து, தன் ஸ்கூட்டரில் ஆறாறு அட்டையாகக் கட்டிக்கொண்டு, நடந்து போகிறவர்கள்கூட முந்திப்போகும் வேகத்தில் ஓட்டி, கடை கடையாக முட்டை கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்து சமைத்தார். அவளுக்கு ஒரு கையால் தலை பின்ன முடியவில்லை என்பதால் அதையும் எடுத்துக்கொண்டார். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளை வீடியோவில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு முதல் நாள் பாடம் நடந்தது.

"அப்பா, மூணு பிரிவும் சமமா இருக்கணும்."

"சமம்னா எத்தனை சென்டிமீட்டரும்மா?"

போனுக்குள் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைய பின்னல் தெருமுனை திரும்புவதற்குள் அவிழ்ந்துவிட்டது. ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. காலையில் ஜன்னல் ஓரமாக நாற்காலி போட்டு அவள் உட்காருவாள். இவர் பின்னால் நின்று சிக்கெடுப்பார். அவள் அன்றைய கணக்கைச் சொல்லிக்கொண்டே இருப்பாள், நடுவில் வலிக்குது என்று ஒரு அதட்டல் போடுவாள். அந்தக் கால் மணி நேரம் அவருக்கு எதுவும் உறுத்தாது. மற்ற நேரமெல்லாம் உறுத்தும்.

அவளோ ரொட்டிக் கடைக்காரரிலிருந்து எதிர்வீட்டுத் தாத்தா வரை ஒருவரையும் விடவில்லை. "எங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷங்க. நான் விழுந்தாலும் விழுந்தேன், என்னை ஒரு துரும்பை எடுத்துப் போட விடல." அவரை வைத்துக்கொண்டே சொல்வாள். அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தரையைப் பார்ப்பார். அடக்கமான மனுஷன் என்று அதற்கும் ஒரு பாராட்டு விழும்.

நஷ்ட ஈடு கேட்கலாம் என்று ஆரம்பித்து வைத்தவர் மாடிவீட்டு வக்கீல். கோர்ட்டில் அவருக்கு வழக்கு குறைவு. அதனால் கட்டடத்தில் யாருக்கு என்ன நடந்தாலும் படியிறங்கி வந்துவிடுவார். ஒரு மாலை விண்ணப்பப் படிவத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை முட்டை உடைஞ்சதும்மா?"

"ஐந்நூத்தி அறுபத்திமூணு, வக்கீல் சார்."

"அவ்வளவு சரியா எப்படிச் சொல்றீங்க? உடைஞ்சதை எண்ண முடியுமா?"

"உடையாததை எண்ணினேன். முப்பத்தேழு."

வக்கீல் மகிழ்ந்துபோனார். இப்படி ஒரு கட்சிக்காரர் அவருக்கு வாய்த்ததில்லை. முன்சக்கரம், உடைந்த முட்டை, நாலு வார வருமானம் என்று எழுதிக்கொண்டே வந்தவர் ஒரு கேள்வியில் பேனாவை நிறுத்தினார். "இதுதான் முக்கியம். இந்தக் குழி நகராட்சிக்கு முன்னாடியே தெரியுமா? தெரியாத குழிக்கு அவங்க பொறுப்பில்ல. ஒரு காசு வராது. தெரிஞ்சும் மூடாம விட்டிருந்தா, கொடுத்தே ஆகணும்."

"அதை எழுதறவரு இதோ உட்கார்ந்திருக்காரே" என்று அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "இங்க பாருங்க, பொண்டாட்டிங்கறதுக்காக எனக்குச் சாதகமா ஒரு வார்த்தை எழுதிடாதீங்க. நாளைக்கு உங்களை ஒருத்தன் ஒண்ணு சொல்லிடக் கூடாது. உள்ளதை எழுதுங்க, எனக்கு அது போதும்."

குழிக்காரர் தலையாட்டினார்.

விண்ணப்பம் ஒரு வாரத்தில் அவர் மேஜைக்கே வந்து சேர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக இன்ஜினியர் மேடத்தின் அறைக்குப் போனார். மேடம் அவரைவிடப் பத்து வயது சின்னவர், சட்டம் என்றால் சட்டம். மனுதாரர் தன் மனைவி என்று சொன்னார்.

"விசாரணையை நான் பார்த்துக்கறேன் சார். ஆனா அந்தப் பகுதிக்கு உங்களைத் தவிர யாரும் போனதில்ல. குழி நமக்கு முன்னாடியே தெரியுமா இல்லையான்னு பதிவேட்டைப் பார்த்து நீங்கதான் அறிக்கை எழுதணும்" என்றார் மேடம்.

பதிவேடு பதிவறையில் இருந்தது. இங்கே அவர்கள் வேலையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குழியின் ஆழத்தை முதலில் பென்சிலில்தான் எழுதுவார்கள். குழி வளர்கிற சாமான். இன்றைக்கு ஐந்தாக இருப்பது அடுத்த மழையில் எட்டாகும். மையில் எழுதினால் ஒவ்வொரு தடவையும் அடித்துத் திருத்த வேண்டும். மூடி முடித்த பிறகுதான் கடைசி அளவை மையில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். ஆகவே தெருமுனைக் குழியின் ஏழும் பென்சிலில்தான் இருந்தது. பக்கத்தில் தேதி.

பதிவறைக்காரர் அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். நல்ல மனுஷன். பக்கத்தை எட்டிப் பார்த்தவுடனே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இங்க பாருப்பா. ஏழு மூணாகறதுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. மூணுன்னா அது மூட வேண்டிய குழியே இல்ல. உன் மேலயும் தப்பில்ல, ஆபீஸ் மேலயும் தப்பில்ல. தங்கச்சிக்கு ஆன செலவை நீயே கையிலருந்து கொடுத்துடு. யாருக்கும் ஒரு குறையும் இல்ல." சொல்லிவிட்டு ஒரு ரப்பரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

குழிக்காரர் நல்லவர்தான், ஆனால் சிலை இல்லை. ரப்பரைக் கையில் எடுத்தார். பக்கத்தின் மேல் கொண்டுபோனார். அப்போதுதான் அந்த நஷ்ட ஈட்டுக் கடிதம் வீட்டுக்கு வரும் நாள் அவர் மனக்கண்ணில் வந்தது. 'தாங்கள் குறிப்பிடும் குழியின் ஆழம் மூன்று சென்டிமீட்டர் மட்டுமே' என்று அதில் இருக்கும். அவள் அதைப் படிப்பாள். படித்துவிட்டுச் சண்டைக்குப் போக மாட்டாள். எழுதியது அவர் என்பதால் அப்படியே நம்பிவிடுவாள். 'மூணுதானா? அப்ப நான்தான் பார்த்து ஓட்டல போல' என்று சொல்லிக்கொண்டு, ஒன்பது வருஷப் பெருமையை மூட்டை கட்டி வைத்துவிடுவாள்.

ரப்பரைத் திருப்பிக் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பென்சில் ஏழின் மேலேயே மையால் ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் சேவையில் மூடாத குழியை மையில் எழுதியது அது ஒன்றுதான். பதிவறைக்காரர் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அறிக்கை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஆபீசுக்குச் சொன்னதை வீட்டில் சொல்வதுதான் பாக்கி, அதுதான் முடியவில்லை. விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம்கூட ஒரு முயற்சி செய்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானே சொல்லணும்னு இருந்தேன்" என்று அவள் முந்திக்கொண்டாள். "நாளைக்கு உள்ளே எனக்காக வாயைத் திறந்துடாதீங்க. அவங்க கேட்டா மட்டும் பேசுங்க. வக்கீல் சார் எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்காரு." சொல்லிவிட்டு, மேடம் முன்னால் பேசப்போவதை அடுப்படியில் நின்று ஒத்திகை பார்த்தாள். அவ்வளவு உற்சாகமாக இருந்தவளை நிறுத்திச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. மனசு வரவில்லை என்பது பாதி உண்மை. பயம் என்பதுதான் முழு உண்மை.

மறுநாள் பதினோரு மணிக்கு விசாரணை. இன்ஜினியர் அறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் அவள், சுவரோரம் அவர். அவள் தன் விண்ணப்பத்தை அழகாக எடுத்துச் சொன்னாள். முப்பத்தேழு முட்டைக் கணக்குக்கு மேடமே புன்னகைத்தார். பிறகு மேடம் ஒரு தாளை எடுத்தார். "ஆய்வாளர் அறிக்கை வந்திருக்கு. படிக்கறேன்."

"மேடம்" என்று குழிக்காரர் எழுந்துவிட்டார். "அதை நானே படிக்கறேன்."

மேடம் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டுத் தாளைக் கொடுத்தார். தாள் நடுங்கியது. தாள் நடுங்குவதாவது, கைதான். அவர் படித்தார்.

"மேற்படி குழியை நான் விபத்துக்கு நாற்பத்தோரு நாட்கள் முன்பே ஆய்வு செய்து, ஆழம் ஏழு சென்டிமீட்டர் எனப் பதிவு செய்திருக்கிறேன். விதிப்படி பதினைந்து நாட்களுக்குள் மூடியிருக்க வேண்டும். நான் அதே தெருவில் குடியிருப்பதால், என் தெருவுக்கு முதலில் செய்துகொண்டேன் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்பதற்காக அதை வரிசையில் கடைசியில் வைத்தேன். வேறு காரணம் இல்லை. தாமதம் முழுவதும் என்னுடையது. மனுதாரர் மேல் எந்தத் தவறும் இல்லை." அதோடு அறிக்கை முடிந்தது. அவர் தாளை மடித்துவிட்டு, அதில் இல்லாததையும் சொன்னார். "ஆஸ்பத்திரியில கேட்டப்ப தெரியலைன்னு சொன்னேன். எனக்குத் தெரியும்."

மேடம் நகராட்சி நஷ்ட ஈடு கொடுக்கும் என்றார். ஆய்வாளருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், ஒரு வருஷத்துக்குச் சம்பள உயர்வு நிற்கும் என்றும் சொன்னார். "நீங்க ஏதாவது சொல்ல விரும்பறீங்களாம்மா?"

அவள் கணவனைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தபடி, "சரி" என்றாள்.

நோட்டீஸும் சம்பள உயர்வும் குழிக்காரர் காதில் ஏறவே இல்லை. அந்த ஒரு வார்த்தைதான் ஏறியது. இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள், எழுந்தாள், மேடத்துக்கு வணக்கம் சொன்னாள், வெளியே நடந்தாள். அவர் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் பின்னால் ஓடினார்.

நீளத் தாழ்வாரத்தில் அவள் முன்னால் போனாள், அவர் பின்னால் போனார். பேச்சில்லை. மாடிப்படி இறங்கினார்கள். பேச்சில்லை. வாசலில் காவலாளி, "என்ன சார், வீட்டம்மாவா?" என்று கேட்டதற்கு அவள் சிரித்து, "நல்லா இருக்கீங்களா?" என்று விசாரித்தாள். அந்த மரியாதையைக் கேட்டதும் அவருக்கு மச்சானின் முகம் நினைவுக்கு வந்தது. இனிமேல் தனக்கும் அப்படித்தான். சாப்பிட்டீங்களா, போயிட்டு வாங்க, அவ்வளவுதான். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டாலும் சத்தமில்லாமல் எடுத்துக் காயப்போட்டுவிடுவாள்.

கட்டுக் கையோடு ஸ்கூட்டர் வேண்டாம் என்று காலையில் பஸ்ஸில்தான் வந்திருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் வெயில். அவள் நிழலில் நின்றாள். அவர் பக்கத்தில் நிற்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி நிழலிலும் பாதி வெயிலிலுமாக நின்றார்.

"நம்ம தெருவுல எத்தனை வீடு இருக்கு?" என்று கேட்டாள் திடீரென்று.

"இருபத்தெட்டு."

"இருபத்தெட்டு!" அந்தச் சத்தத்தில் நிறுத்தத்தில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அந்த இருபத்தெட்டு வீட்டுக்காரங்களும் என்ன பாவம் பண்ணாங்க? உங்க பக்கத்துல குடியிருக்கறது ஒரு குத்தமா? எதிர்வீட்டுத் தாத்தா தடியை ஊன்றிக்கிட்டு தினமும் அந்த வழியாத்தான் போறாரு. அவரு விழுந்திருந்தா? பேர் போடத் துணிச்சல் இல்லாத எவனோ ஒருத்தன் ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கடுதாசி போட்டான். அவனுக்குப் பயந்துக்கிட்டு ஒரு தெருவையே பள்ளத்துல போட்டு வச்சிருக்கீங்க. இதுல நேர்மைன்னு நினைப்பு வேற. இது நேர்மை இல்லங்க. பயம். சுத்தமான பயம்."

"ஆமா" என்றார் அவர்.

"ஆமா சொல்லாதீங்க, எனக்கு இன்னும் கோவம் வருது!"

அவர் வாயை மூடிக்கொண்டார். காலையிலிருந்து முதல் தடவையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

"விழுந்த அன்னிக்கே சொல்றதுக்கு என்ன? திட்டுவேன்னு பயமா?"

"திட்டுவியேன்னு இல்ல. 'சரி'ன்னு சொல்லிடுவியோன்னு."

அவள் ரோட்டைப் பார்த்தாள். "அப்படித்தான் விட்டுடலாம்னு இருந்தேன்" என்றாள், குரலை இறக்கி. "படியிறங்கற வரைக்கும் அப்படித்தான் நினைச்சேன். இவரும் அண்ணன் மாதிரிதான், போகட்டும்னு. ஆனா அண்ணன் இன்னைக்கு வரைக்கும் தானா வந்து சொல்லல. நானாக் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம்தான் அழுதாரு. நீங்க அந்த மேடம் படிச்சிட்டுப் போகட்டும்னு உட்கார்ந்திருக்கலாம். எழுந்து நின்னு, கை நடுங்க, நீங்களே படிச்சீங்க. கேட்காததையும் சொன்னீங்க. அதனாலதான் நின்னு திட்டிக்கிட்டிருக்கேன். இல்லைன்னா இந்த வெயில்ல என் தொண்டையை நான் எதுக்குக் கெடுத்துக்கறேன்?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்தால் அவள் பார்த்துவிடுவாள் என்று துடைக்காமல் நின்றார். அவள் பார்த்துவிட்டாள்.

"அழுது தப்பிக்க முடியாது. இன்னும் இருக்கு. இத்தனை நாளா தலை பின்னி விட்டீங்களே. அது எதுக்கு? செஞ்ச தப்புக்குக் கூலியா?"

"முதல் நாள் அப்படித்தான்" என்றார் அவர், ஒளிக்காமல்.

"அப்புறம்?"

"அப்புறம் இல்ல. உனக்கு நெத்திக்கு மேல முடி நரைச்சதுகூட எனக்கு இப்பத்தான் தெரியும். இத்தனை வருஷமா நான் தரையையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்."

அவள் சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாவுக்கட்டுக் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பேச்சை மாத்தாதீங்க" என்றாள்.

பஸ் வந்து நின்றது. நிறுத்தத்தில் இருந்தவர்கள் ஏறினார்கள். நடத்துனர் கதவோரம் நின்று இருவரையும் பார்த்தார்.

"பஸ் வந்துடுச்சு" என்றார் குழிக்காரர்.

"வந்தா போகட்டும். அடுத்ததுல போலாம்" என்றாள் அவள். "எனக்கு இன்னும் பாதிகூட முடியல."

பஸ் கிளம்பிப் போனது. குழிக்காரர் வெயிலிலிருந்து ஓர் அடி நகர்ந்து நிழலுக்குள் வந்து, தரையைப் பார்க்காமல், அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அவள் மறுபடியும் ஆரம்பித்தாள்.